ஐந்து கட்டை

பெரியாஸ்பத்திரியில் மூக்கால் கமராவை விட்டு
டொக்டர் திரையைக் காட்டினா.
இரண்டு குரல்நாண்.
இரண்டிலும் உழுந்தளவில் ஒவ்வொரு முடிச்சு.
"மூன்று கிழமைக்குக் கதைக்கக் கூடாது ரீச்சர்.
குசுகுசுக்கவும் கூடாது, அது இன்னும் கேடு."
ஓம் என்று சொல்ல வாய் திறந்து
தலையை மட்டும் ஆட்டினேன்.

கொக்குவிலில், போன் திருத்துகிற கடைக்கு மேல்மாடி.
கதவில் மட்டை தொங்கவிட்டேன்:
வகுப்பு உண்டு. ரீச்சருக்குத்தான் குரல் இல்லை.

கைதான் அதன்பிறகு என் தொண்டை.
விலாவைத் தொட்டால், இதை விரி.
தாடையில் விரல் வைத்தால், இதை விடு.
கொட்டாவி விடுவது போல் நடித்தால்
உள்நாக்குக்குப் பின்னால் ஒரு அறை இருக்கு,
அதைத் திற.

நாலாந்தரச் சோதனைக்குப் படிக்கிற ஆரணி
மாயாமாளவகௌளையில் ரிஷபத்தை அசைக்கும்போது
தலையையும் சேர்த்து அசைப்பாள்.
தலையில் ஒரு கொப்பியை வைத்தேன்.
கொப்பி விழவில்லை, ரிஷபம் விழுந்தது.
பேந்து எழும்பியது, அடுத்த செவ்வாய்.

மாதா கோயில் பாடகர் குழு ஜசிந்தா
உச்சத்தில் நூலாய் மெலிந்து பாடுவா.
அது கள்ளக்குரல் என்று எனக்குப் படிப்பித்தவை சொன்னவை.
பத்து வருஷமாய் நானும் அதையே சொன்னேன்.
சொல்ல வாயில்லாத கிழமையில்
கடைசிவரை கேட்கவேண்டி வந்தது.
களவு ஒன்றையும் காணேல்லை.

பத்திநாதனுக்கு நாற்பத்தாறு.
விடியப் பாசையூரில் மீன் கூறுகிறவர்,
இரவில் திருவிழா மேடைகளில் இசைக்குழுப் பாடகர்.
பல்லவியைப் பட்டு மடிக்கிற மாதிரிப் பாடுவார்.
சரணத்தில் ஒரு மேல்சுரம் வரும்.
அங்கே கழுத்து நரம்பு கயிறாகும்,
எண்ணெய் காணாத சைக்கிள் சங்கிலியாய்க் குரல் கிரீச்சிடும்.
"மிளகு, கற்கண்டு, கொத்தமல்லித் தண்ணி,
ஒண்டுக்கும் மசியுதில்லை ரீச்சர்."

வெள்ளி விடிய ஐந்தரைக்குப் பாசையூர் போனேன்,
மீனுக்கு இல்லை.
ஈரச் சீமெந்தில் ஒரு பாரை, சுற்றிவரச் சனம்.
எண்ணூறு, எண்ணூற்றைம்பது, தொளாயிரம்,
ஆயிரம்!
ஆயிரத்தின் அந்த ஆ.
கழுத்து சும்மா இருக்க
சாரத்துக்கு உள்ளே அடிவயிறு தூக்கிக் கொடுக்க
மைக் இல்லாமல் வள்ளங்கள் வரைக்கும் போனது
நான் ஒரு மாதமாய்த் தேடிய சுரம்.
மருதனார்மடத்தில் நாலு வருஷம்
விடியற்காலைகளில் நான் சாதகம் செய்த அகாரம்
இங்கே சுறாவுக்கும் திருக்கைக்கும் நடுவில்
செருப்பில்லாமல் நிற்கிறது.

அடுத்த வகுப்பில் பலகையில் எழுதினேன்:
பாரை. ஆயிரம்.
"இஞ்சயோ? கீழ கடையில ஆக்கள் ரீச்சர்."
பலகையைத் தட்டினேன்.
கூவினார்.
ஆவிலேயே கையை உயர்த்தி நிறுத்தினேன்,
யிரத்தை எறி, ஆவை வைத்திரு.
வைத்திருந்தார்.
வைத்திருந்தபடியே, மெல்ல,
சரணத்தின் சொல்லை அதன்மேல் ஏற்றினார்.
ஏறியது.
கீழேயிருந்து யாரோ
"ஆயிரத்தைம்பது!" என்றார்கள்.

நாலாம் கிழமை. அனுமதி இவ்வளவுதான்:
நாளுக்கு ஐந்து நிமிடம், குழாய் ஒன்றைத் தண்ணீரில் விட்டு
ஊதிக்கொண்டே ஒரு ம்.
பின்வளவில் பப்பாசி இலைக்காம்பு நறுக்கினேன்.
சுருதிப்பெட்டியை ஐந்து கட்டையில் வைத்தேன்.
பதினெட்டு வருஷமாய் அதுதான் என் விலாசம்.
குமிழ் வரவில்லை.
நாலரை.
வந்தது, அறுந்தது.
நாலில்
கோப்பைத் தண்ணீர் முழுக்கக் கதைக்கத் தொடங்கியது.
என் கண்ணிலும் கொஞ்சம் தண்ணீர்,
அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம்.

படியில் செருப்பைக் கழற்றியபடி
பத்திநாதன் எவ்வளவு நேரமாய் நின்றாரோ.
"விலை இறங்கினா என்ன ரீச்சர்,
மீன் அதுதானே."

பொல்லாத மனுசன்.
அவருக்கும் ஒரு காம்பு நறுக்கினேன்.