ரசீது எண் 218

பாபுராவ் தெருவில் என் கடை.
மாடிப்படிக்குக் கீழே ஒரு மிஷின். மேலே லாட்ஜ்.
லாட்ஜ் பலகையில் எனக்குப் படிக்க வராத வங்காளி எழுத்து.
கத்திரி வெயில்.
மலை பகலெல்லாம் காய்ந்து
ராத்திரியில் ஊர்மேல் மூச்சுவிடும்.
அப்போதுதான் வந்து நின்றாள் பதினாலாம் அறைக்காரி,
என் வெட்டுத்துணி மூட்டையைக் காட்டி
"காந்தா" என்றாள்.

கந்தை என்று விழுந்தது என் காதில்.
"ஆமாம்மா, கந்தைதான்."
சரியான பதில்போலச் சிரித்தாள்.

கிலோ அறுபது என்று விரலால் சொன்னேன்.
நாற்பதுக்கு இறக்கினாள்.

குடியாத்தம் லுங்கிக் கட்டம்,
பள்ளிச் சீருடையின் நீலக் கோடு,
ஆம்பூர் ஷூ கம்பெனியிலிருந்து மச்சான் கொண்டுவரும் லைனிங்,
லாட்ஜ்காரர் கிழித்துப் போட்ட ஜன்னல் திரை,
ஜெயில் வார்டர் ஒருவர் குட்டையாக்கச் சொன்ன
காக்கி பேண்ட்டின் கால்நுனி.

மிஷினில் அடித்துத் தரட்டுமா? வேண்டாமாம்.
படியில் உட்கார்ந்து கையாலேயே ஓட்டுத்தையல்.
இந்த வெயிலில் யாருக்குப் போர்வை?
மாடியைக் காட்டினாள்.
பிறகு தன் தோள்களைத் தானே கட்டிக்கொண்டு
பல் கிட்ட நடுங்கிக் காட்டினாள்.
மருந்து ஏற்றிய ராத்திரிகளில் அவனுக்கு அப்படி.

இருபதாம் நாளோ என்னவோ,
காக்கியை மட்டும் பிரித்து எடுத்துவந்தாள்.
அதன் கீழே படுக்க மாட்டானாம்.
ஏன் என்று கேட்க
என்னிடம் இருந்த இந்தி போதவில்லை.

போர்வை நடுவே சதுரமாய் ஓட்டை.
அளவுக்குத் துணி தேடும்போது
ஆணியில் மூன்று வருஷமாய்த் தொங்கும் ரவிக்கை.
மயில்கழுத்து நிறம். ரசீது எண் 218.
இனி யார் வரப்போகிறார்கள்.
வெட்டிக் கொடுத்தேன். காசு வாங்கவில்லை.

காட்பாடியில் அவர்கள் ரயிலேறி ஒரு மாசம்.
அவன் இறங்கியதைப் பார்த்தேன்,
தோளில் போர்வை, படிக்குப் படி நின்று நின்று.

நேற்று சாயந்திரம்
"தனகோட்டி அண்ணே."
சேண்பாக்கம் பூங்காவனம்.
ரசீது பழுத்திருந்தது, கிழியவில்லை.
"குடுத்தப்போ இருந்த ஒடம்பு இப்ப இல்லண்ணே,
புடிச்சுத் தரணும்."

பெட்டியைக் கவிழ்த்தேன்.
ஒரு கை மட்டும் மிச்சம்.
துணிக்காசை மேசைமேல் எண்ணி வைத்தேன்.
அவள் அதைப் பார்க்கவே இல்லை.
அந்தக் கையை மாட்டி, முழங்கைவரை இழுத்து,
தெருவிளக்கில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ரெண்டு வெரக்கடை லூசா இருக்கு,"
கழற்றி என்னிடமே நீட்டினாள்.

புதன்கிழமை வாங்க என்றேன்.