குறைந்தபட்ச அகலம்

டாக்டர் தெய்வானை தேவகோட்டையிலிருந்து கேட்டது ஒன்றுதான்:
"திறந்ததும் எக்ஸ்ரே பெரிசாத் தெரியணும்.
பேர்ப்பட்டியல் ஓரமா ஒல்லியா நிக்கட்டும்.
தினம் காலையில அந்தக் கோட்டைப் புடிச்சு இழுத்து
மணிக்கட்டு விட்டுப்போச்சும்மா."

எழுதினேன்: இடது பலகம், அகலம் 240.
ஓட்டினேன்.
412.

அவசரப்பட்டுவிட்டேனோ,
திரை முழுசாய் உட்காரும் முன்பே
கட்டளை போய் நின்றுவிட்டதோ என்று
ஒரு நொடி காக்கவைத்துச் சொன்னேன்.
லேசாய் அசைந்தது
(இப்படித்தான் ஆசை காட்டும்),
பிறகு 412-க்கே திரும்பிவிட்டது.
கோபத்தில் 10 என்று போட்டேன்.
412.

காரைக்குடியில் ஒரு பெரிய வீட்டின் இரண்டாங்கட்டில்
பதினொன்றில் ஒரு பங்கு எங்கள் ஆபீஸ்.
அடுத்த பங்குக்கும் எங்களுக்கும் நடுவே
பிளைவுட் தட்டி.
அந்தப் பக்கம் வைரவன்,
கல்யாணப் பாத்திரம் வாடகைக்கு விடுபவர்.
சனிக்கிழமை ராத்திரி தட்டியை
ஒரு தரைக்கல் அளவு எங்கள் பக்கம் நகர்த்தியிருந்தார்.
திங்கட்கிழமை என் நாற்காலி பின்னால் போகவில்லை.
சண்டைக்குப் போனேன்.
"முகூர்த்த மாசம். இந்தா, நீயே தள்ளிப் பாரு."
தள்ளினேன். தட்டி வளைந்தது, நகரவில்லை.
பின்னால் அண்டா.
"அதைச் சுருக்கித் தர்றியா?" என்றார்.

பதில் சொல்லாமல் வந்து
பலகத்தை விட்டேன்.
உள்ளே இருக்கும் ஒவ்வொன்றையும்
உனக்கு எவ்வளவு இடம் வேண்டும் என்று
கேட்கும்படி நாலு வரி எழுதினேன்.
தேடும் பெட்டி: 120.
தேதி: 96.
நூற்று முப்பத்தெட்டாவது பெயர்:
ராம. சித. பெரி. வீர. கரு. மெய்யப்பன்,
எழுபத்தொரு வயது, இடது முழங்கால்.
412.

சுருங்க மறுத்தது பலகமில்லை.
அவர்.

சரி, இடம் போதாவிட்டால் வெட்டிக்கொள் என்றேன்.
உடனே 240.
பட்டியலில் நின்றது:
ராம. சித. பெரி. …
முன்னோர் எல்லோரும் இருந்தார்கள்,
முழங்கால் வலிக்கிறவரைத்தான் காணோம்.

வெட்டும் பக்கத்தை மாற்றினேன்.
…மெய்யப்பன்.
படம் விரிந்தது. எலும்பு வெள்ளையாய்,
திரையின் முக்கால்வாசிக்கு.
பாண்டிமீனா பக்கோடா வாங்கப் போனாள்.

காலை ஒன்பது பத்துக்குப் போன்.
"படம் அருமை. ஆனா
…மெய்யப்பன்னு மூணு பேர் நிக்கிறாங்க.
ஒருத்தருக்கு முழங்கால், ஒருத்தருக்குப் பல்லு,
ஒருத்தர் யாருன்னே தெரியல."

ஒரே ஒரு தலைமுறையைத் திருப்பிக் கொடுத்தேன்.
…கரு. மெய்யப்பன்.
268.
இருபத்தெட்டு புள்ளி.
டாக்டர் கவனிக்கவில்லை,
நான் சொல்லவுமில்லை.

தட்டிக்கு அப்பால்
அண்டாவை யாரோ உருட்டும் சத்தம்.
நாற்காலியை
நானே கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டேன்.