பிழை ஏதும் இல்லை

மெர்பேங்கில் இரவு பதினொன்றேகால்.
ஜன்னல் வழியே எண்ணெய் வாசமும் கடல் வாசமும்
ஒன்றை ஒன்று தள்ளிக்கொண்டு வருகின்றன.
நான் ஒரு கேட் மோட்டாருக்கு மூளை வரைகிறேன்.

உள்ளங்கை அளவுப் பலகை, முப்பத்தேழு உறுப்புகள்.
எதை எதோடு சேர்க்கவேண்டும் என்று மென்பொருள்
வெள்ளை நூல்களை இழுத்துக் காட்டுகிறது.
அதற்கு அவர்கள் வைத்த பெயர் எலிக்கூடு.
பெயர் வைத்தவன் ஒருவன்தான் அங்கே நேர்மையானவன்.

எலி வளை ஆனாலும் தனி வளை வேண்டும்;
தாமிரத்துக்கும் அதே சட்டம்.
ஒரு தடம் இன்னொன்றைத் தொட்டால் புகை.
சுற்றி வளைந்து, துளையில் இறங்கி, மறுபுறம் ஏறி
ஒரு கோட்டைக் கரை சேர்க்கும் நேரம்
எலியின் சக்கரத்தை உருட்டினால்
இந்த ஜன்னலில் படம் பெரிதாகும்,
அடுத்ததில் பக்கவாட்டில் ஓடும்,
மூன்றாவதில்
ஒரு மணி நேரம் பார்த்துப் பார்த்து வைத்த ரிலே
சத்தமில்லாமல் அரை மில்லிமீட்டர் நகரும்.

உதவிப் பக்கத்தைத் திறந்தேன்.
'திருப்பு: பொருளைத் திருப்பும்.'
'பிரதிபலி: பொருளைப் பிரதிபலிக்கும்.'
ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

எஃப் அழுத்தினால் சில்லு பலகையின் அடிக்குப் போகும்.
எம் அழுத்தினால் இடம் வலமாகும்.
அந்த நேரத்துக் கண்ணுக்கு
இரண்டும் ஒன்றுதான்.

பிழைகள் 214 என்றது.
ஒன்றைத் திருத்தினேன்.
219.

குபேந்திரனிடம் போனில் புலம்பினேன்.
அவன் கேட்டுக்கு இரும்பு வளைப்பவன்.
கோணலென்றால் ஒரு கண்ணை மூடிப் பார்ப்பான், தெரிந்துவிடும்.
"நீ தொடாம இரு, அதுவா குறையும்" என்றான்.
சிரிக்கத் தோன்றவில்லை.

விடியல் மூன்று மணிக்கு,
பச்சை எழுத்தில்: பிழை ஏதும் இல்லை.
நம்பினேன்.
பணம் கட்டினேன்.

ஐந்து வாரம், ஒரு சுங்கக் கட்டணம்,
இரண்டு முறை தவறான வீட்டில் மணியடித்த கூரியர்.
பத்துப் பலகைகள், பளபளவென்று.
விளக்கில் பிடித்துப் பார்த்தேன்:
ஒன்றாம் காலுக்கான இடத்தில் எட்டாம் கால்.
எம் அழுத்தியிருக்கிறேன்.

இருநூற்றுப் பதினான்கு முறை கத்திய வாய்
கத்த வேண்டிய ஒரு முறை
வெற்றிலை போட்டதுபோல் மூடியே இருந்தது.

சிபோங்கிலே செலே நைட் டூட்டி முடிந்து வருபவள்.
கேட் திறக்காததால் ஒன்றரை மாதமாக
இருட்டில் காரை விட்டிறங்கி, இரண்டு பக்கமும் பார்த்து,
தோளால் தள்ளித் திறக்கிறாள்.
அவளிடம் எம், எஃப் கதையெல்லாம் சொல்ல முடியாது.

சில்லை மல்லாத்தினேன்.
செத்த கரப்பான்போல் எட்டுக் காலும் மேலே.
முதுகில் ஒரு சொட்டுப் பசை.
முடி கனத்துக் கம்பி எட்டு, பற்றவைத்தேன்.
கை நடுங்கிய இடத்தில் ஈயம் கொஞ்சம் அதிகம்.
கண்ணாடி பார்த்த பலகைக்குக்
கவிழ்ந்த சில்லு பொருந்திவிட்டது.

இன்று காலை ஆறு பத்துக்கு
அவள் காருக்குள்ளிருந்தே பொத்தானை அழுத்தினாள்.
கேட் ஒரு நொடி யோசித்தது.
பிறகு, முனகிக்கொண்டே, திறந்தது.
கண்ணாடியை இறக்காமலே
கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனாள்.

வீட்டுக்கு வந்தால் திரையில் பழைய வரைபடம்.
மூடப் போனேன்.
'மாற்றங்களைச் சேமிக்கவா?'
நான் எதையும் மாற்றவில்லையே.
ஆம். இல்லை. ரத்து.
எதை ரத்து செய்யும் என்று
உதவிப் பக்கத்தில் தேடினேன்:
'ரத்து: ரத்து செய்யும்.'