பாதை

படிவத்தின் ஏழாம் கூடு கேட்கிறது:
"தொழிற் பாதையைச் சுருக்கமாக விவரிக்க.
நூற்றைம்பது சொற்களுக்கு மேற்படாமல்."

நான் தட்டச்சு செய்பவன்.
டொக்டர் பவளராணி சொல்லச் சொல்ல
என் விரல்கள் ஓடும்.
இன்று அவர் பேசவில்லை.
உவர்மலைக் காற்றில் யன்னல் கொளுக்கி ஆடுகிறது.
வாசலில் ஒரு புள்ளிமான்
எங்கள் பழைய வரவுத் தாளொன்றை
நிதானமாகத் தின்கிறது.

பிறகு சிரித்தார்.
"பாதை எண்டால் இவங்களுக்கு ரோட்டு.
எனக்கு அது மிதக்கிற இரும்பு, தம்பி.
கரையில நிண்டு கைதட்டிக் கூப்பிடுறது."

பாலம் வருவதற்கு முந்திய கிண்ணியா.
இருபத்தெட்டு வயது, முதல் நியமனம்,
கடன் வாங்கிய குடை.
மாலை ஐந்தரைக்கு
இஹ்சான் என்றொரு பொடியன், ஆறு வயது,
மூன்று நாள் காய்ச்சல்.
"நாளைக்குக் காலமை இரத்தம் பாப்பம்" என்றாராம்.
புத்தகத்தின்படி பிழையில்லாத வசனம்.
இரவு பத்துக்குக் கைகால் குளிர்ந்தது.
பாதை அக்கரையில் கட்டிக் கிடந்தது,
ஓட்டுபவர் வீட்டில்.
நீருக்கு அப்பால் விளக்குகள்,
எண்ணக்கூடிய தூரத்தில்.
எண்ணினாராம்.
நாற்பத்தொன்று.

இதை எந்தக் கூட்டில் போடுவது?

மறுநாள் மருந்துச் சீட்டின் பின்புறத்தில்
பாதை ஓடும் நேரங்களை எழுதிச்
சோற்றுப் பசையால் சுவரில் ஒட்டினார்.
கடைசிப் பாதை ஆறு மணி.
ஆகவே காய்ச்சலுக்கு முடிவு நாலரைக்கு.
அவருடைய முதல் சுகாதாரக் கொள்கை அது,
கையொப்பம் இல்லை, இறப்பர் முத்திரை இல்லை.
குடும்பநல மாது ஜெஸீமா ஒரு பிரதி கேட்டாள்.
பிறகு மூதூரில் யாரோ
லோஞ்சு நேரத்தைப் போட்டு ஒன்று எழுதிக்கொண்டார்கள்.

வாட்டை விட்டு விலகியபோது
"வைத்தியம் பாக்கத் தெரியாதவள்
கணக்குப் பாக்கப் போறாள்" என்று
தேநீர் அறையில் ஒரு பெரிய டொக்டர்.
அதில் பாதி உண்மை என்கிறார் இப்போதும்.

முதுமாணி ஆய்வுக்கு ஆங்கிலத்தில் நீண்ட தலைப்பு.
உள்ளே இருந்தது இவ்வளவுதான்:
காய்ச்சல் தொடங்கிய மணிக்கும்
கட்டில் கிடைத்த மணிக்கும் நடுவில்
எத்தனை மணி நேரம் தண்ணீர்?
இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகள்,
பி.எச்.ஐ. நிஸ்தாரின் மோட்டார் சைக்கிளில் பின் இருக்கை.
சோதனைச்சாவடியில் வினாக்கொத்தை விரித்து
ஒவ்வொரு கேள்வியாக வாசித்துக் காட்டச் சொன்னான் சிப்பாய்.
ஏழாவது கேள்வியில்
தன் தாயின் காய்ச்சலைச் சொல்லத் தொடங்கினான்.
அந்த வீட்டைக் கணக்கில் சேர்க்கவில்லை.
எல்லைக்கு வெளியே.

கொழும்பில் பரீட்சகர் கேட்டார்:
"பாதை என்ற இந்த மாறி எதைக் குறிக்கிறது?"
"வராமல் நிண்டதை, சேர்."

பிறகு குச்சவெளி, பிறகு தொற்றுநோய்ப் பிரிவு,
ஜெனீவாவில் பதினொரு நாள்,
நுளம்புக் குடம்பி எண்ணிய மூன்று மழைக்காலம்.
இவற்றை எழுதுவது சுலபம்.
திகதிகள் தாமாகவே வரிசையில் நிற்கும்.

ஒன்பதாம் கூடு: "சேவையில் இடைவெளி இருப்பின் காரணம்."
இரண்டு வருடம் இருக்கிறது.
"பாதைக்குக் காத்திருந்தேன் எண்டு போடு."
போட்டேன்.
அந்த இரண்டு வருடம் எது என்று கேட்கவில்லை.
இந்த ஊரில் அப்படிக் கேட்கிறதில்லை.

மூன்றாம் வாரம் படிவம் திரும்பி வந்தது.
ஒன்பதாம் கூட்டைச் சுற்றிச் சிவப்பு வட்டம்,
சிங்களத்தில் ஒரு சொல்: தெளிவில்லை.
ஏழாம் கூட்டில் முப்பத்தெட்டுச் சொல் அதிகமாம்.

அவர் இங்கில்லை. டெங்குக் கூட்டம், கிண்ணியா.
பாலத்தில் வாகனம் ஏறும்போது
கைக்கடிகாரத்தைப் பார்ப்பாராம்,
இறங்கும்போது மறுபடி.
சாரதி சொல்லிச் சிரிக்கிறான்.

முப்பத்தெட்டுச் சொல்.
பட்டங்களில் ஒன்றை வெட்டலாம் போலிருக்கிறது,
ஜெனீவாவையும்.
வரட்டும்.
கேட்டுச் செய்வம்.