ஆயிரத்து நூறடி

சேவத்தூரில்
உள்ளங்கைத் தேங்காய் எழுந்து நின்ற இடத்தில்
போர் வண்டியை நிறுத்தியிருந்தார்கள்.
முனிரத்தினத்தின் ஒன்றரை ஏக்கர்.
போன போகத்துச் சோளத்தட்டை செருப்பில் குத்தியது.
நான் போய்ச் சேர்ந்தபோது முந்நூறு அடி.
கம்ப்ரசர் இரைச்சலில் ஏலகிரி மலையே அதிர்வதுபோல் இருந்தது.
ஜார்க்கண்ட் பையன்களுக்கு
வெள்ளைப் புழுதியில் புருவம் நரைத்திருந்தது.

"தண்ணி ஆபீசா மேடம்?"
"இல்லைங்க. கல்லு."
அதற்குமேல் என்னிடம் கேட்க
அவருக்கு ஒன்றும் இருக்கவில்லை.

மேலே கிடக்கிற கல் எனக்கு உதவாது.
மழையும் வேரும் ஆட்டுப் புழுக்கையும்
அதோடு பேசி முடித்துவிட்டன.
யாரும் பேசாத கல் வேண்டும்.
எண்பது கோடி வருஷத்துக்கு முன்னால்
மேலோட்டுக்கும் கீழே,
பள்ளிப் பாடத்தில் கவசம் என்று படித்தோமே, அங்கே
கொஞ்சமே கொஞ்சம் உருகி,
வழியில் எதையும் தின்னாமல்
நேரே இங்கு வந்து உறைந்த கல்.

பத்தடிக்கு ஒரு பிடி தூள்,
பிடிக்கு ஒரு பை.
நாநூற்றிருபதில் ஒரு சொட்டு அமிலம் விட்டேன்.
கோலி சோடாபோல் பொங்கியது.
துண்டை உதறிக்கொண்டு ஓடிவந்தார்:
"நுரைக்குதே, ஈரமா?"
ஈரமில்லை.
இத்தனை கோடி வருஷம் அடக்கி வைத்திருந்த மூச்சு
என்று சொல்லியிருக்கலாம்.
"சுண்ணாம்பு மாதிரி ஒரு கல்லுங்க" என்றேன்.
"வெத்தலைக்காவது ஆகுமா?"

ஐந்நூறுக்குமேல் அடிக்கு வேறு ரேட்டு,
எண்ணூறுக்குமேல் இன்னும் வேறு.
தொள்ளாயிரத்தில் வண்டிக்காரர் போதும் என்று கையாட்டினார்.
முனிரத்தினம் மைத்துனருக்குப் போன் போட்டார்,
பிறகு, இன்னொரு இருநூறு என்றார்.

எனக்குத் தெரியும்.
விரிசல் இல்லாத கல்,
தண்ணீர் ஒண்ட இடமில்லாத கல்,
அதனாலேயே எனக்கு நல்ல கல்.
வாயைத் திறக்கவில்லை நான்.
பையின் வாயைத் திறந்து பிடித்திருந்தேன்.

எட்டு மாதம் கழித்து எண்கள் வந்தன.
ஸ்ட்ரான்சியம் விகிதத்தில்
புள்ளிக்குப் பின் ஐந்து இலக்கம்.
ஐந்தாவது இலக்கம் அசையாமல் நின்ற அன்று
ஆய்வகத்தில் எல்லோருக்கும் பப்ஸ் வாங்கிக் கொடுத்தேன்.
குரோமியத்தை மட்டும் கணக்கிலிருந்து நீக்க வேண்டியிருந்தது.
போர் பிட்டின் எஃகும் அதைத்தான் உதிர்க்கிறது,
கல்லினுடையது எது, இரும்பினுடையது எது,
பிரிக்க முடியவில்லை.

குரோமியமும் கவசத்துச் சரக்குதான்.
அங்கே தாராளம், இங்கே அரிது.
எங்கோ மேலே வந்துவிட்ட ஒரு துண்டை வெட்டி,
உப்பாக்கி, மூட்டை கட்டி,
ஆம்பூர்த் தோல்ஷாப்பில் இறக்குவார்கள்.
அப்பா முப்பத்தோரு வருஷம்
அதை டிரம்மில் கொட்டினார்.
தோல் நீலமாக வெளியே வரும்.
மிச்சம் பாலாற்றுக்குப் போகும்,
அதிலும் மிச்சம்
தேவஇரக்கம் என்கிற அவர் விரலிடுக்கில்
ஆறாத வட்டப் புண்ணாக நிற்கும்.
பூமியின் ஆழத்தைத் தொட்டவர் யாருமில்லை என்று
வகுப்பில் சொல்ல ஆரம்பித்து
ஒருமுறை பாதியில் நிறுத்திவிட்டேன்.

தை மாதம் முனிரத்தினம் கூப்பிட்டார்.
"ரிசல்ட்டு வந்துச்சா மேடம்?"
வந்தது. ரொம்ப ஆழத்துக் கல்லுங்க.
"எத்தினி அடி?"
அடியில்லை. நூறு கிலோமீட்டருக்கும் கீழே.
அந்தப் பக்கம் ஒரு டிராக்டர் கடந்து போகும்வரை
பேச்சில்லை.
"அங்கியாச்சும் தண்ணி இருக்குதா?"

இருக்கிறது. பொய்யில்லை.
கடல் கடலாக இருக்கலாம் என்கிறார்கள்,
ஆனால் ஒரு சொட்டுகூடச் சொட்டாகக் கிடையாது,
தாதுக்களுக்குள் அணு அணுவாகப் பூட்டிக் கிடக்கிறது.
"இருக்குங்க" என்றேன். "கல்லுக்குள்ள."
"அதானே" என்றார்,
கோபமா சிரிப்பா தெரியவில்லை.

பிள்ளைகள் விழுந்துவிடாமல்
குழியின்மேல் ஒரு பெரிய கல்லைப் புரட்டி வைத்திருப்பதாகச் சொன்னார்.
என்ன கல் என்று கேட்டேன்.