உலர் எடை

செவ்வாய்ப்பேட்டையில் தராசு கட்டினார்கள்.
ஒரு தட்டில் அண்ணன் சென்றாயன்,
மறு தட்டில் மல்கோவா.
எழுபத்தாறு கிலோ என்று மைக்கில் சொன்னதும்
அப்படி ஒரு விசில்.
அதில் நாலு கிலோ வெறும் தண்ணீர்.
போனில் பார்த்துக்கொண்டிருந்த எனக்குத் தெரியும்,
அன்று ராத்திரி அதை எடுக்கப்போகிறவள் நான்.

மலைக்கு இருபது வளைவு.
இருசப்பன் கொடியைக் கழற்றிவிட்டுத்தான் வண்டி எடுப்பான்.
பதினொன்றாம் வளைவில் நிறுத்தச் சொல்வாராம்,
வாந்தி எடுத்துவிட்டு
கண்ணாடியில் மீசையைச் சரிபார்ப்பாராம்.
அந்த இருட்டில் யார் பார்க்க,
காட்டெருமையா?

நாகலூர் தாண்டி ஒரு காப்பித் தோட்டம்.
கொட்டை காயவைக்கிற களத்துக்குப் பின்னால் ஓர் அறை.
ஒரு கட்டில், ஒரு மெஷின், நான்.
தோட்டத்து ஆட்களுக்கு நான்
புதுசாக வந்த கணக்கு டீச்சர்.

முழுக்கைச் சட்டையைச் சுருட்டினால்
இடது கையில் கயிறாகப் புடைத்த நரம்பு.
விரல் வைத்தால் பூனை உறுமுவதுபோல அதிரும்.
ஒருநாள் என் ஸ்டெத்தை வாங்கி
அவரே வைத்துக் கேட்டார், ரொம்ப நேரம்.
“போஸ் மைதானம் மாதிரியே இருக்கும்மா.
காசு குடுக்காம வந்த கூட்டம்.”

ரத்தம் வெளியே போய்ச் சுற்றிவரும் நாலு மணி நேரம்
அவருக்குப் பொய் வராது.
சட்டசபையில் மேசை தட்டியதெல்லாம்
தூக்கம் கலைய என்பார்.
தலைவர் காலைத் தொடும்போதெல்லாம்
செருப்பின் விலையைத்தான் யோசிப்பாராம்.
தம்பி செத்த அன்று அழுகை வரவில்லை,
கேமரா வந்ததும் வந்தது.
“நடிப்பில்லம்மா.
நடிப்பில்லங்கறதுதான் பயமா இருக்கு.”

அடிவாரம் வரைக்கும் பேனர்:
சேலத்து இரும்பே!
பதினைந்து நாளைக்கொருமுறை இரும்பை
நான்தான் ஏற்றுகிறேன்,
நூறு மில்லி உப்புத் தண்ணீரில் கலந்து.

மாம்பழம் ஆகாது, பொட்டாசியம்.
தராசில் ஏறியதில் ஒன்றை மட்டும்
இருசப்பனிடம் கேட்டு வாங்கி
மூக்கில் வைத்துக்கொண்டே தூங்கிப்போனார்.

மெஷினின் பின்பக்கம் ஒரு மஞ்சள் நூல்.
முதல் நாளே பார்த்துவிட்டேன்.
தாரமங்கலத்துப் பாவாயி கட்டியது,
புருஷனுக்குக் குணமாகணும் என்று,
கீழே பெரியாஸ்பத்திரி வார்டில்,
நாலாம் நம்பரில்.
‘பழுது’ என்று சீட்டு ஒட்டி
ஒரு ஞாயிற்றுக்கிழமை எடுத்துப்போனார்கள்.
வாரம் மூன்று தடவை என்பது அவனுக்கு இரண்டானது.
ஆடி பதினெட்டுக்கு முந்தின நாள் செத்தான்.

போன வாரம் அவரே ஆரம்பித்தார்.
“இது எங்கிருந்து வந்துச்சுன்னு தெரியும்மா.
தெரியாதுன்னு சொல்லலாம்.
கையெழுத்து வேற ஆளோடது.”
குளிருகிறது என்றார், போர்வையை இழுத்துவிட்டேன்.
“நீ ஒண்ணும் சொல்லலியே.”
மெஷின் கத்தியது,
மடங்கியிருந்த குழாயை நிமிர்த்தினேன்.

என்ன சொல்ல.
இங்கே சம்பளம் மூன்று மடங்கு.
நாலாம் நம்பர் போன பதினோராம் நாள்
நானும் அந்த வார்டிலிருந்து வந்துவிட்டேன்.
எந்த வார்டு என்று அவர் கேட்டதில்லை.

விடியக்காலை எடை பார்த்தோம். எழுபத்திரண்டு.
“உலர் எடை” என்றேன்.
“இவ்வளவுதானா நான்” என்று
முள்ளைக் குனிந்து பார்த்தார்.
பத்து மணிக்குக் கொண்டலாம்பட்டியில்
தண்ணீர்ப்பந்தல் திறக்கணும்,
இளநீர் கொடுப்பார்கள்.
ஒரு வாய்க்கு மேல் வேண்டாம் என்றேன்.
“போட்டோவுக்கு ஒரு வாய் போதும்.”
சட்டைக் கையை இறக்கி பட்டன் போட்டதும்
குரல் மாறிவிட்டது, “வர்றேங்க” என்றார்,
எனக்குப் பின்னால் பத்தாயிரம் பேர் நிற்பதுபோல.

வண்டிச் சத்தம் மறைந்தபின் மெஷினைக் கழுவினேன்.
அந்த நூல் நனையாமல் துடைக்க
இப்போது கை பழகிவிட்டது.