மூன்றாம் ஷிப்டில் மழை

கண்டனூர்ச் சாலையில் மில் வந்த வருஷம்
எங்கள் ஊரில் முதலில் மாறியது பொழுது.
அதுவரை அம்பலத்தார் துண்டை உதறித்
தோளில் போட்டால்தான் அந்தி.
அதன்பிறகு இரண்டு மணி என்றால் இரண்டு மணி.
சங்கு ஊதியபின் ஒரு நிமிஷம்கூட
எவரும் என்னைக் குனியச் சொல்ல முடியாது.

இதை நான் குறையாகச் சொல்லவில்லை.
நடவுக்கு ஒரு மரக்கால் நெல், அதிலும் பதர்.
மில்லில் ஏழாம் தேதி, கையெழுத்து, கவர்.
கையெழுத்துப் போடத்தான் எழுத்தே படித்தேன்.
உடையாள் என்பதில் அந்த 'டை'
மூன்று மாதம் என்னைப் படுத்தியது.

ரிங் பிரேமில் நூல் அறுந்தால் ஒட்ட வேண்டும்.
நாற்று முடி பிரித்த விரல்கள்தாமே,
சீக்கிரம் பிடித்துக்கொண்டன.
காதுதான் கெட்டது.
வீட்டிலும் கத்தித்தான் பேசுகிறேன்,
உப்பு எங்கே என்பதைக்கூட.

சாத்தையா எங்கள் கண்மாய்க்கு நீர்பாய்ச்சி.
எந்த மடை, யார் வயல், எத்தனை நாழிகை,
எல்லாம் அவன் தலைக்குள்.
அவனுக்குக் காக்கிச் சட்டை மாட்டி
மில் வாசலில் நிறுத்தினார்கள்.
விசில், டார்ச், ஒரு நாற்காலி.
"ஓடுற தண்ணிக்கே காவல் இருந்தேன்,
பஞ்சு எங்கிட்டுப் போயிரும்" என்று சிரித்தான்.

நாலு வருஷம் பொய்த்துவிட்டு அந்த ஐப்பசியில்
மூன்றாம் ஷிப்டில் பிடித்தது மழை.
கூரைத் தகரத்தில் மழையா, மெஷினா, தெரியவில்லை.
டீக்கு வெளியே வந்தால்
சாத்தையா கிழக்கே பார்த்து நிற்கிறான்.
"கண்மா நெறஞ்சிருச்சு."
"எப்படித் தெரியும்?"
"தவளைச் சத்தம் மேட்டுக்கு ஏறிருச்சுல்ல.
கலுங்குல பலகையை எடுக்கணும்."
"போயேன்."
கேட்டுச் சாவியைத் தூக்கிக் காட்டினான்.
மாற்று ஆள் காலை ஆறுக்கு.

சங்கு ஊதியதும் ஓடினோம்,
நான், அவன், கார்டிங்கில் இரண்டு பேர்,
தலையெல்லாம் பஞ்சோடு.
தென்முக்கில் கரை உடைந்து
யார் வரப்பு என்று கேட்காமல்
போய்க்கொண்டிருந்தது தண்ணீர்.
அம்பலத்தார் முழங்கால் சேற்றில்.
மண்வெட்டி பிடிக்க அவருக்குத் தெரியாது என்று
அன்றைக்குத்தான் பார்த்தேன்.
மணல் மூட்டை தூக்க ஆள் கேட்டார்.
"கூலி எவ்வளவு?" என்றது ஒரு குரல்.
என் குரல்தான். மெஷினுக்கு மேலே கத்திப் பழகியது,
கரை முழுக்கக் கேட்டது.

சாத்தையா அதற்குள் இறங்கிவிட்டான்,
காக்கிச் சட்டையோடு, கழுத்தில் விசிலோடு,
இடுப்பளவுத் தண்ணீரில்.
எனக்கு அவன்மேல் ஆத்திரமாய் வந்தது.
பிறகு நானும் ஒரு மூட்டையைப் பிடித்தேன்.

மதியம் இரண்டுக்குச் சங்கு ஊதியது.
மூட்டை தூக்கிய அத்தனை தலையும்
மில் பக்கம் திரும்பின.
அம்பலத்தார் தலையும்.